கொழும்புத் துறைமுகமும் மாத்தளை நாடும்
(சைவ வித்தியாசாலை ஆசிரியர்களுக்கு ஒரு சரித்திரபாடம்)

முகவுரை

மாத்தளைப் பகுதியிலுள்ள நம் வித்தியாசாலைகளிலே, "கொழும்பு மாநகரின் வளர்ச்சி" என்னும் பாடம் பெரும்பாலும் தேசாதிபதிகளின் பெயர்களும் ஆண்டுகளும் கோத்த ஒரு மாலையாகவே கற்பிக்கப்பட்டு வருகின்றது. பிள்ளைகள் அதனை மனனஞ்செய்து பரீட்சையில் ஒப்புவித்துப் பின் மறந்துவிடுகின்றனர். ஏறத்தாழ 90 மைலுக்கு அப்பாலுள்ள ஒரு பட்டினம் எப்படியானால் நமக்கென்ன என்னும் எண்ணம் அவர்கள் உள்ளத்தே தோன்றுதல் இயல்பேயாம்.

கொழும்பு புதுமையுற்ற கதை மாத்தளைப் பிள்ளைக்கு அயலான கதையன்று. அத்துறைமுகம் கட்டப்பட்டதற்கு முதற்காரணம் மலைநாட்டுத் தோட்டங்களின் விளைவு. அவ்விளைவை உண்டாக்கியோர் மாத்தளை வழியாக நடந்துவந்த தமிழ் மக்கள். ஆகலின், கடற்றுறையின் சரித்திரமும் மலைநாட்டின் சரித்திரமும் ஒரே பாடமாகக் கற்பிக்கப்படல் வேண்டும் என்பது நம் கருத்து. அப்பாடத்தை ஆசிரியர்கள் எவ்வாறு ஒழுங்குபடுத்திக்கொள்ளலாம் என்பதை ஈண்டுச் சுருக்கி எழுதுகின்றோம்.

1. பழைய துறை

கொழும்பு பண்டுதொட்டு வணிகத்துறையாக விளங்கியதேனும் இயற்கையான துறைமுகம் அன்று. திருகோணமலை போல மலைகள் சூழ்ந்த ஆழ்கடற் குடாவும் அதற்கில்லை. களனி கங்கையின் முகத்துவாரத்துக்குத் தெற்கே சிறிது கடலுள் நீண்ட ஒரு முனையும், அதன் மறைவில் வள்ளங்களும் தோணிகளும் தங்கத்தக்க ஓர் ஒதுக்கிடமுமே அங்கிருந்தன. சோனக வணிகர் அத்துறையில் நெடுங்காலம் வாணிகம் நடத்தினர். போர்த்துக்கீசர் 1505-இல் வந்து பின்னர்க் கோட்டை கட்டினர். ஒல்லாந்தர் 1656-இல் அதனைக் கைப்பற்றினர். ஆங்கிலேயர் 1796-இல் அதனைப் பெற்றனர். கண்டியரசு வீழ்ந்தது 1815-இல்.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் முற்பகுதியிற் கொழும்பு மதிலும் அகழியும் சூழ்ந்த கோட்டையும், அதற்கு வெளியே கடைவீதிகள் நிறைந்த புறக்கோட்டையும், அவற்றைச் சூழ்ந்த தென்னந்தோட்டங்களும் உடைய பட்டினமாயிருந்தது. பெரிய கப்பல்கள் கரையை அணுகாமல் திறந்த கடலில் நங்கூரமிட்டு நின்றன. பண்டங்கள் யாவும் தோணிகளில் ஏற்றப்பட்டுக் கப்பலுக்குக் கொண்டுசெல்லப்பட்டன. வைகாசி தொட்டுப் புரட்டாதி வரை சோளகக்காற்று வீசுங்காலத்து அலை எழுந்து, ஏற்றுதலும் இறக்குதலும் பல நாள் தடைப்படும். இதனால் ஐரோப்பாவுக்கும் கீழைத் தேசங்களுக்கும் இடையே ஓடிய தபாற் கப்பல்கள் காலித் துறையிலேயே தங்கின. இலங்கையின் தலைநகரம் கொழும்பு. கப்பல் தங்குந் துறையோ காலி. இந்நிலை 1880 வரையில் நீடித்தது.

இவ்விடத்தில் ஆசிரியர், "தலைநகரத்துக்குத் துறைமுகம் வேண்டும் என்று 1800-இலேயே எவரும் பெரும்பொருள் செலவிடாதது ஏன்?" என்னும் வினாவை எழுப்புக. கறுவா முதலிய பழைய பண்டங்கள் விலை மிகுந்தனவாயினும் பாரம் குறைந்தன. சில கப்பல்களே அவற்றைக் கொண்டுசெல்லப் போதியனவாயிருந்தன. பெருங் கப்பற்கூட்டத்தை வேண்டி நிற்கும் விளைபொருள் அக்காலத்தில் இல்லை. அப்பொருள் மலையிலிருந்து வந்தது.

2. மலைநாட்டுக் கோப்பி

கொழும்பிலிருந்து கண்டிக்கு வண்டிப்பாதை 1820-ஆம் ஆண்டுகளில், பாண்ஸ் தேசாதிபதி காலத்தில், அமைக்கப்பட்டது. படை செல்வதற்காக வெட்டப்பட்ட அப்பாதையே பின்பு கோப்பி இறங்கும் பாதையாயிற்று. 1830-ஆம் ஆண்டுகளின் பிற்பகுதியிலிருந்து மலைநாட்டுக் காடுகள் விரைந்து வெட்டப்பட்டன. 1840-ஆம் ஆண்டின் முடிக்காணிச் சட்டம், உரிமைச்சாதனம் காட்டமுடியாத காட்டையும் தரிசையும் அரசின் உடைமையென வகுத்தது. கிராமத்தார் தலைமுறை தலைமுறையாக மேய்ச்சலுக்கும் சேனைப்பயிருக்கும் விறகுக்கும் பயன்படுத்திய நிலங்கள் பல தோட்டக்காரர் கைக்கு மாறின. மாத்தளையிலும் தோட்டங்கள் மிகப் பெருகின.

இம்மாற்றத்தினாலே துன்புற்ற சிங்களக் குடியானவரைப் பற்றியும் நம் பிள்ளைகள் அறிதல் வேண்டும். 1848-இல் துப்பாக்கிக்கும் நாய்க்கும் கடைக்கும் வரி விதிக்கப்பட்டது. பாதைவேலைக்கு ஆண்டில் ஆறுநாள் உழைக்க வேண்டும், அன்றேற் பணம் செலுத்த வேண்டும் என்னும் சட்டமும் பிறந்தது. அவ்வாண்டு ஆடி மாதத்தில் மாத்தளையிற் கிளர்ச்சி எழுந்தது. கொங்காலேகொட பண்டா, புரன் அப்பு என்போர் அதன் தலைவர்கள். புரன் அப்பு அவ்வாண்டு ஆவணித் தொடக்கத்திற் கண்டியிற் கொல்லப்பட்டான். மாத்தளையின் சிங்களப் பிள்ளை இதனைத் தன் ஊர்க்கதையாகக் கற்கின்றது. தமிழ்ப் பிள்ளையும் அவ்வாறே கற்றல் தகும். காட்டை இழந்தோரும், வெட்டிய காட்டிலே கூலிக்கு உழைத்தோரும் ஒரே காலத்தின் சுமையை இருவேறு வகையிற் சுமந்தவர்கள் என்பதை ஆசிரியர் தெளிவாக உரைப்பாராக.

கோப்பி மலையிலே முற்றுப்பெறும் பண்டம் அன்று. தோட்டத்திலே பழத்தின் சதை நீக்கிக் கழுவி உலர்த்தி, மேற்றோலுடனே மூட்டையாகக் கட்டி மாட்டுவண்டிகளில் அனுப்புவர். பழைய காலத்துப் பொதிமாட்டுத் தவளங்கள் இப்பெருஞ் சுமைக்குப் போதியனவல்ல. ஆகவே கரைநாட்டுச் சிங்களவர் பலர் வண்டித்தொழிலிற் புகுந்தனர். வண்டி கொழும்பு சேரப் பல நாட் செல்லும். மழைக்காலத்திற் பாதை சேறாகும். மாட்டுநோய் பரவினால் வண்டிகள் நின்றுவிடும்.

கொழும்பிலே பேரை வாவியின் கரைப்பகுதிகளில் கோப்பிப் பண்டசாலைகள் எழுந்தன. அவற்றிலே கோப்பி மீளவும் வெயிலிற் காய்ந்து, பொறிகளால் தோல் நீக்கப்பட்டு, அளவு வாரியாகப் பிரிக்கப்பட்டு, பெண்களாற் கைகொண்டு பொறுக்கித் தூய்மையாக்கப்பட்டு, மரப்பீப்பாக்களில் அடைக்கப்பட்டது. பீப்பா செய்யும் தச்சரும், வண்டில் திருத்தும் கொல்லரும், மூட்டை சுமப்போரும், தோணி வலிப்போரும், கணக்கெழுதுவோரும் அங்கே வேலை பெற்றனர். ஆகவே கொழும்பின் புதுத்தொழில்கள் பலவற்றின் வேர் மலைநாட்டுக் கோப்பியில் இருந்தது. 1870-ஆம் ஆண்டளவில் இலங்கையிலிருந்து ஏறத்தாழ 10 இலட்சம் அந்தர் கோப்பி ஆண்டுதோறும் ஏற்றுமதியாயிற்று. அரசிறையின் பெரும்பகுதி நேராகவோ மறைவாகவோ கோப்பியைச் சார்ந்து நின்றது.

3. வடபாதை

இக்கோப்பியைப் பறித்தோர் யார்? திருச்சிராப்பள்ளி, மதுரை, தஞ்சாவூர், சேலம், புதுக்கோட்டை, இராமநாதபுரம் முதலிய இடங்களிலிருந்து வந்த தமிழ் மக்கள். கோப்பி பழுக்கும் மாதங்களில் அவர்கள் வந்து, வேலை முடிந்தபின் பலர் ஊர் திரும்பினர். சிலர் தங்கிவிட்டனர்.

அவர்கள் வந்த வழியை ஆசிரியர் படத்திலே வரைந்து காட்டுக. இராமநாதபுரக் கரையிலிருந்து தோணியேறி மன்னார்ப் பகுதியில் இறங்குவர். அங்கிருந்து மதவாச்சி, மிகிந்தலை, தம்புள்ளை, நாலந்தை என்னும் இடங்களின் வழியாகக் காட்டினூடே நடந்து மாத்தளையை அடைவர். இது நூறு மைலுக்கு மிக்க வழி. வறண்ட காலத்திற் குளங்களில் நீர் வற்றிக் கலங்கியிருக்கும். இடையில் ஊர்கள் அரியன. கங்காணி முன்னே செல்ல, ஆணும் பெண்ணும் பிள்ளைகளும் அரிசியும் சட்டியும் சுமந்து கூட்டங்கூட்டமாக நடந்தனர். பேதிநோயும் காய்ச்சலும் அம்மையும் அவர்களைத் தொடர்ந்தன. நோயுற்றோரை விட்டுச்செல்ல நேர்ந்ததுண்டு. வழியோரத்திலே புதைக்கப்பட்டோரும், புதைப்பாரின்றிக் கிடந்தோரும் உண்டு. பின்னர் அரசினர் அப்பாதையிலே கிணறு தோண்டியும் தங்குகொட்டகைகளும் மருத்துவசாலைகளும் அமைத்தும் துன்பத்தைச் சிறிது குறைத்தனர். நூற்றாண்டின் இறுதியில் இப்பாதை கைவிடப்பட்டது. அதன்பின் கடல்வழியாகவும் புகைவண்டியாலும் மக்கள் வந்தனர்.

மாத்தளை அப்பாதையிலே காடு முடிந்து மலை தொடங்கும் இடம். நடந்துவந்தோர் முதன்முதல் கண்ட பெரிய ஊர் அதுவே. எஞ்சியோர் இளைப்பாறித் தோட்டந்தோட்டமாகப் பிரிந்தது அங்கேதான். அவ்வூரிலே மரத்தடியில் வழிபடப்பெற்ற முத்துமாரியம்மைக்கு 1852-இல் வயல்நிலம் கொடையாகக் கிடைத்தது. 1874-இல் நாட்டுக்கோட்டைச் செட்டிமாரின் பொருளுதவியினாலே கோயில் எழுந்தது. அம்மைநோய்க்கும் காய்ச்சலுக்கும் நடுவே நடந்துவந்த மக்கள் மழையும் நலமும் அருளும் தாயை முதற்கண் நினைந்தமை வியப்பன்று. மாசித் திருவிழாவிலே பஞ்சரதம் வீதியுலா வரும்போது, அவ்வீதி எவருடைய கால்கள் தேய்ந்த வழியின் முடிவு என்பதை நம் பிள்ளைகள் அறிந்திருத்தல் வேண்டும்.

4. இருப்புப்பாதை

கோப்பி பெருகப் பெருக மாட்டுவண்டி போதாதாயிற்று. தோட்டத் துரைமாரும் கொழும்பு வணிகரும் இருப்புப்பாதை வேண்டுமென்று நெடுநாள் வற்புறுத்தினர். சேர் கென்றி வாட் தேசாதிபதி 1858 ஆவணி 3-இல் முதல் மண்ணை வெட்டி வேலையைத் தொடங்கிவைத்தார். 1864-இன் இறுதியில் முதல் வண்டி அம்பேபுசை வரை ஓடிற்று. 1867-இற் பாதை கண்டியை அடைந்தது. கடுகண்ணாவை ஏற்றத்திலே 45 அடிக்கு ஓரடி வீதம் உயரும் சரிவிற் பாதை அமைத்தலும், பாறை குடைந்து சுரங்கவழி வெட்டுதலும் அரிய செயல்கள். அவ்வேலையிலே தமிழ்நாட்டுத் தொழிலாளர் பெருந்தொகையினர் உழைத்தனர். காய்ச்சலால் மாண்டோரும் பலர்.

மாத்தளைக்குப் புகைவண்டி வந்தது 1880 ஐப்பசி 4-இல். அன்றுதொட்டு மாத்தளை வடக்கிலிருந்து வரும் பாதையும் தெற்கிலிருந்து வரும் இருப்புவழியும் சந்திக்கும் முனையாயிற்று. பலநாட் பயணம் ஒருநாட் பயணமாகச் சுருங்கியது. கோப்பி மட்டுமன்று, அரிசியும் துணியும் மண்ணெண்ணெயும் தபாலும் பத்திரிகையும் அவ்வழியே மேலேறின. நம் வித்தியாசாலைகளுக்கு அச்சிட்ட பாடப்புத்தகங்கள் இலகுவில் வந்ததும் அவ்வழியேதான் என்பதைச் சேர்த்துக்கொள்க.

5. கடலிற் கட்டிய சுவர்

இனித் துறைமுகத்தைக் கூறுவாம். 1869 என்னும் ஆண்டை மூன்று காரணங்களாற் பிள்ளைகள் நினைவில் நிறுத்துமாறு செய்க. அவ்வாண்டு கார்த்திகை 17-இற் சூயசுக் கால்வாய் திறக்கப்பட்டது. ஐரோப்பாவிலிருந்து வரும் நீராவிக் கப்பல்கள் ஆபிரிக்காவைச் சுற்றாமல் நேரே இந்துசமுத்திரத்துள் நுழைந்தன. அவ்வாண்டிலேயே கொழும்புக் கோட்டையின் மதில்கள் இடிக்கப்படத் தொடங்கின; நகரம் தன் பழைய ஓட்டை உடைத்து வெளிவந்தது. அவ்வாண்டிலேயே மடுல்சீமைத் தோட்டமொன்றில் கோப்பியிலையின் கீழே மஞ்சட்பொடி போன்ற ஒருநோய் காணப்பட்டது. முன்னைய இரண்டையும் எல்லாரும் கொண்டாடினர். மூன்றாவதை மிகச் சிலரே பொருட்படுத்தினர்.

சூயசு வழி திறந்தபின் கப்பல்கள் பெருகின. காலியின் துறை பாறைகள் நிறைந்தது, இடமும் குறுகியது. கோப்பியோ கொழும்பிலே கிடந்தது, இருப்புப்பாதையும் கொழும்பிலேயே முடிந்தது. ஆகவே சேர் வில்லியம் கிரெகரி தேசாதிபதி கொழும்பிலேயே துறைமுகம் அமைக்க முடிவுசெய்தார். சேர் யோன் கூட் என்னும் பொறியியலறிஞர் திட்டம் வகுத்தார். அலையைத் தடுக்கும் தென்மேற்குச் சுவரின் முதற்கல்லை 1875 மார்கழி 8-இல் இங்கிலாந்தின் இளவரசர், பின்னாளில் ஏழாம் எட்வேட்டு மன்னரானவர், நாட்டினார். சுவர் 1885-இல் முற்றுப்பெற்றது. அதன் நீளம் 4,200 அடிக்கு மேற்பட்டது; செலவு ஏறத்தாழ 7 இலட்சம் பவுண். வடக்குப் பக்கத்துச் சுவர்கள் பின்னர்க் கட்டப்பட்டன.

சுவர் கட்டிய விதத்தைப் பிள்ளைகளுக்கு விளக்குக. கடலடியிலே முதலிற் கருங்கற்களைக் கொட்டி மேடாக்கினர். அம்மேட்டின்மேல், கரையிலே வார்த்த பல தொன் நிறையுள்ள கட்டிகளைப் பாரந்தூக்கிப் பொறியால் இறக்கி, முங்குவோர் நீருள் நின்று வழிகாட்ட, ஒன்றன்மேல் ஒன்று சாய்த்து அடுக்கினர். கருங்கல் மகரையிலிருந்து புகைவண்டியில் வந்தது. அங்கே கல்லுடைத்தோர் சிறைக்கைதிகள். முதற்கல் நாட்டிய இளவரசரின் பெயரைப் புத்தகம் சொல்லும். கல்லுடைத்தவனின் பெயரைச் சொல்லாது. இக்குறையை நிரப்பும் கடமை ஆசிரியரைச் சார்ந்தது.

சுவர் எழுந்தபின் சோளகக்காலத்திலும் கப்பல்கள் அமைதியான நீரில் நின்று பண்டம் ஏற்றின. தபாற் கப்பல்கள் காலியை விட்டுக் கொழும்புக்கு மாறின. காலி ஒளி மங்கியது. கொழும்பு கப்பல்களுக்கு நிலக்கரி கொடுக்கும் பெருந்துறையாகி, ஐரோப்பா, சீனம், அவுஸ்திரேலியா என்பவற்றுக்கு நடுவே நிற்கும் சந்தியாயிற்று.

6. நகரமும் நகரமாந்தரும்

துறைமுகத்துடன் நகரின் பிற உறுப்புக்களும் புதுமையுற்றன. 1865-ஆம் ஆண்டுச் சட்டத்தினாலே மாநகரசபை ஏற்பட்டது. 1870-இல் வைத்தியக் கல்லூரி திறக்கப்பட்டது. 1877-இல் நூதனசாலை திறக்கப்பட்டது. 1880-ஆம் ஆண்டுகளில் லபுகமை நீர்த்தேக்கத்திலிருந்து குழாய்வழியாக நல்ல குடிநீர் வந்தது. நூற்றாண்டு முடியும் தறுவாயில் மின்சார டிராம் வண்டிக்குத் தண்டவாளம் இடப்பட்டது. 1871-இல் ஏறத்தாழ ஓரிலட்சமாயிருந்த குடித்தொகை 1901-இல் ஒன்றரை இலட்சத்தைக் கடந்தது. 1901-ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பை நடத்தியவர் பொன்னம்பலம் அருணாசலம் ஆவர் என்பதை நம் பிள்ளைகள் பெருமிதத்துடன் அறியலாம்.

அந்நகரிலே சிங்களவரும் தமிழரும் சோனகரும் மலாய்க்காரரும் பறங்கியரும் ஐரோப்பியரும் வாழ்ந்தனர். அவர்களுடன் நாட்டுக்கோட்டைச் செட்டிமாரும் பரதவரும் மலையாளிகளும் போராக்களும் பார்சிகளும் வந்து சேர்ந்தனர். பெருவணிகம் கோட்டையிலே ஐரோப்பியக் கூட்டத்தார் கையில். சில்லறையும் துணியும் மணியும் புறக்கோட்டையிலே சோனகர், போராக்கள் முதலியோர் கையில். அரிசியும் கடன்பணமும் செட்டியார் தெருவிலே. பறங்கியர் பலர் எழுதுவினைஞராகவும் வழக்கறிஞராகவும் வைத்தியராகவும் விளங்கினர். யாழ்ப்பாணத்தார் பலர் எழுதுவினைஞராய்க் கொழும்புக்கு வந்தனர்.

கொச்சிக்கடையிலிருந்து செட்டியார் தெரு வழியாகப் புறக்கோட்டைக்கு நடப்போர், சிறிது தூரத்துக்குள்ளே அந்தோனியார் தேவாலயத்தையும், பொன்னம்பலவாணேசர் கோயிலையும், கதிரேசன் கோயில்களையும், பள்ளிவாசல்களையும் காண்பர். பொன்னம்பல முதலியார் 1857-இல் ஆக்கிய பொன்னம்பலவாணேசர் கோயிலை, அவர் மைந்தர் சேர் பொன்னம்பலம் இராமநாதன் 1907 முதலாகக் கருங்கற்றிருப்பணியாகப் புதுக்குவித்தார். செட்டியார் தெருவிற் கோயில் எடுத்த மரபினரே மாத்தளையிலும் முத்துமாரியம்மை கோயிலுக்குப் பொருள் வழங்கினர் என்பதை முன்னர்க் கூறினோம். அப்பொருளில் ஒருபங்கு தோட்டத்தார் உண்ட அரிசியிலிருந்தும் வட்டியிலிருந்தும் வந்தது. ஆகவே அத்திருப்பணி கொடுத்தவர்க்கு உரியதாதல் போல உழைத்தவர்க்கும் உரியதாம்.

பல்லினத்தார் ஒருநகரில் வாழ்ந்தனர் என்றவுடன் எல்லாரும் சமமாய் வாழ்ந்தனர் என்று கொள்ளலாகாது. கறுவாத்தோட்டத்திலே அகன்ற வளவுகளும் மரநிழல் வீதிகளும் இருக்க, துறைமுகத்தை அடுத்த ஒழுங்கைகளிலே சுமைதூக்குவோரும் கரி ஏற்றுவோரும் நெருங்கிய சிற்றறைகளில் வாழ்ந்தனர். குழாய்நீரும் விளக்கும் முதலிற் சென்ற இடம் எது, பின்னர்ச் சென்ற இடம் எது என்று வினாவினால், ஒரு நகரத்தின் புதுமை எவர்க்காக வந்தது என்பது விளங்கும்.

7. கோப்பி மடிந்தது, துறைமுகம் நின்றது

மடுல்சீமையிற் கண்ட நோய் பத்தாண்டுக்குள் மலைநாடெங்கும் பரவிற்று. விளைவு குறைந்தபோதிலும் விலை உயர்ந்திருந்தமையால், தோட்டக்காரர் எச்சரிக்கையை மதியாது மேலும் காடுவெட்டினர். 1880-ஆம் ஆண்டுகளிற் கோப்பி முற்றாக வீழ்ந்தது. 1884-இல் ஓரியண்டல் வங்கி முறிந்தது. துரைமார் பலர் நாட்டை விட்டகன்றனர். தொழிலாளர் பலர் சம்பளநிலுவை பெறாமலே ஊர் திரும்பினர். கோப்பிக்காகக் கட்டிய துறைமுகம் முற்றுப்பெற்ற 1885-இல், கோப்பி வீழ்ந்துகொண்டிருந்தது.

ஆயினும் துறைமுகமும் இருப்புப்பாதையும் வீணாகவில்லை. கோப்பி நின்ற சரிவுகளிலே தேயிலை நடப்பட்டது. 1873-இல் 23 இறாத்தலாய்த் தொடங்கிய தேயிலை ஏற்றுமதி, நூற்றாண்டின் முடிவில் 10 கோடி இறாத்தலுக்கு மேற்பட்டது. தேயிலை ஆண்டு முழுதும் கொழுந்து தருவது. ஆகவே பருவத்துக்கு வந்து திரும்பிய மக்கள் குடும்பத்துடன் தோட்டத்திலேயே தங்கினர். மாத்தளையிலே தேயிலையுடன் கொக்கோவும் பின்னர் இறப்பரும் பயிராயின.

இவ்விடத்திலே பாடத்தை 19-ஆம் நூற்றாண்டுடன் முடித்துவிடாது ஒருசொல் கூட்டுக. கொழும்பையும் மலையையும் தம் உழைப்பால் இணைத்த மக்களின் வழிவந்தோரிற் பெரும்பாலோர், 1948-ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டத்தால் நாடற்றவராயினர். அவர்களிற் பலர் 1964-ஆம் ஆண்டு உடன்படிக்கையின்படி இந்தியாவுக்கு அனுப்பப்பட்டனர். எஞ்சியோர்க்கு முற்றாக வழிதிறந்தது 2003-ஆம் ஆண்டுச் சட்டத்தினாலேயே. துறைமுகம் பத்தாண்டிற் கட்டப்பட்டது. அதற்குக் காரணமாயிருந்தோரின் சந்ததியாரை இந்நாட்டு மக்கள் என்று ஏற்க அரைநூற்றாண்டுக்கு மேற் சென்றது. பிள்ளைகள் தம் முன்னோர் எங்ஙனம் வந்தனர், எதனை ஆக்கினர் என்பதை அறியாதிருப்பின், அவர்களை வந்தேறிகள் என்று ஒருவன் இகழும்போது விடைசொல்ல அறியார். சரித்திரபாடம் அவ்விடையை அவர்களுக்கு அளிக்கவல்லது.

8. வகுப்பிற் கற்பிக்கும் முறை

இப்பாடத்தை நான்கு நாட்களுக்கு வகுத்துக்கொள்க.

முதனாள் இலங்கைப் படமொன்றைக் கரும்பலகையில் வரைந்து, மன்னாரிலிருந்து மாத்தளைக்கு ஒருகோடும், மாத்தளையிலிருந்து கண்டி வழியாகக் கொழும்புக்கு ஒருகோடும், கொழும்பிலிருந்து சூயசு நோக்கி ஒருகோடும் இடுக. முதற்கோட்டில் மக்கள் வந்தனர். இரண்டாங்கோட்டிற் பண்டம் இறங்கியது. மூன்றாங்கோட்டில் அது கடல் கடந்தது. இம்மூன்று கோடுகளும் விளங்கினால் பாடத்தின் பாதி விளங்கியதாம்.

இரண்டாம் நாள் இயலுமாயின் பிள்ளைகளை மாத்தளைப் புகைவண்டி நிலையத்துக்கும் முத்துமாரியம்மை கோயிலுக்கும் அழைத்துச் செல்க. தண்டவாளம் எங்கே முடிகின்றது, ஏன் அங்கே முடிகின்றது என வினாவுக. தம்புள்ளைப் பக்கம் செல்லும் வீதியைக் காட்டி, நாளொன்றுக்குப் பத்துமைல் நடந்தால் மன்னாரிலிருந்து இவ்விடம் வர எத்தனை நாள் ஆகும் எனக் கணக்கிடச் செய்க. கணிதமும் சரித்திரமும் ஒருங்கே பயிலப்படும்.

மூன்றாம் நாள் வீட்டிலுள்ள முதியோரிடம் கேட்டறிந்தவற்றைப் பிள்ளைகள் சொல்லக் கேட்டு எழுதுவிக்க. பூட்டன் எவ்வூரிலிருந்து வந்தார், எவ்வழி வந்தார், எத்தோட்டத்தில் இறங்கினார் என்பவற்றுட் கிடைத்தவற்றைக் குறிப்பேட்டிற் பதிவுசெய்க. முதியோர் மறைந்தபின் இவற்றை எங்கும் பெறமுடியாது. இச்சேவை நம் வித்தியாசாலைகளாலன்றிப் பிறிதொன்றாற் கூடுவதன்று.

நான்காம் நாள் பலகையை இரண்டாகப் பிரித்து, ஒருபுறம் "வரவு" என்றும் மறுபுறம் "செலவு" என்றும் எழுதுக. வரவின்கீழ் துறைமுகம், புகைவண்டி, நல்ல குடிநீர், வைத்தியம், அச்சு, கல்வி என்பன வரும். செலவின்கீழ் கிராமத்தார் இழந்த காடு, வடபாதையில் மாண்டோர், கல்லுடைத்த கைதிகள், நிலுவை பெறாத கூலி, மங்கிய காலி என்பன வரும். இரண்டையும் பிள்ளைகளே நிரப்புமாறு விடுக. பின்வரும் வினாக்கள் பயன்படலாம்:

(1) கொழும்பு இயற்கைத் துறைமுகம் அன்று என்பது ஏன்?
(2) காலி பின்தங்கக் கொழும்பு முன்வந்ததற்கு இரண்டு காரணங்கள் கூறுக.
(3) 1869-இல் நிகழ்ந்த மூன்று நிகழ்ச்சிகளுள் மலைநாட்டை மிகவும் மாற்றியது எது? காரணம் காட்டுக.
(4) கோப்பி மடிந்தபின்னும் துறைமுகம் பயன்பட்டது எங்ஙனம்?
(5) 1848-இல் மாத்தளையார் எதனை எதிர்த்தனர்?
(6) மாத்தளை முத்துமாரியம்மை கோயிலையும் கொழும்புச் செட்டியார் தெருவையும் இணைப்பது யாது?

இரண்டு எச்சரிக்கைகள் கூறுகின்றோம். எவ்வினத்தாரையும் வகுப்பிலே குற்றவாளியாக நிறுத்தற்க. சட்டம் செய்தவர் வேறு, அவர் இனத்துப் பிள்ளை வேறு. அங்ஙனமே, நம்மவர் துன்புற்றனர் என்பதை மட்டும் சொல்லிப் பிள்ளைகளை அழுகுணிகளாக்குதலும் தகாது. அவர்கள் முன்னோர் துன்புற்றனர். கற்றனர், கட்டினர், வழிபட்டனர், நிலைத்தனர் என்பவற்றையும் உடன் சொல்லுக.

முடிவுரை

செய்ந்நன்றியறிதல் நம் சமயத்தாரும் பிறசமயத்தாரும் ஒருங்கே போற்றும் அறம். அரசரும் செல்வரும் செய்த நன்றி கல்லிலே வெட்டப்பட்டிருக்கின்றது. அதனைக் கற்பித்தல் எளிது. வடபாதையிலே நடந்த தாய் ஒருத்தியும், மகரையிலே கல்லுடைத்தவன் ஒருவனும், பண்டசாலையிலே கோப்பி பொறுக்கிய பெண் ஒருத்தியும் செய்த நன்றிக்குக் கல்வெட்டு இல்லை. அதற்கு இடம் ஆசிரியரின் வாய்மொழியும் பிள்ளையின் நினைவுமே. மாத்தளைச் சைவ வித்தியாசாலை ஒவ்வொன்றிலும் அடுத்த தவணையிலேயே இப்பாடம் தொடங்கப்பெறுவதாக.